கட்டைவிரலுக்கு அடுத்த விரல்

எங்கள் அப்பாவுக்குக் காலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். ஒரு நகம் அளவுக்கு முந்திக்கொண்டு நிற்கும். பட்டாளத்தில் கொடுத்த பூட்ஸுக்குள் அந்த விரல் வருஷக்கணக்கில் மடங்கியே கிடந்ததாம். பர்மாவில் ஜப்பான்காரனைவிடத் தன்னை அதிகம் படுத்தியது அந்த பூட்ஸ்தான் என்பார். யுத்தத்தைப் பற்றி அப்பா வாயிலிருந்து வந்தது மொத்தமே அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் பீடியைத் தேடுவது மாதிரி சட்டைப்பையைத் தடவுவார். அவர் பீடி குடிக்கிறவர் இல்லை, சுருட்டுக்காரர்.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவருக்கு ஊர் திரும்பியதும் பஸ் கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டை. அம்மாவுக்குப் பிறந்த ஊர் சித்தையன்கோட்டை. "எங்க ஊருக்கு பஸ்ஸு விட்டதால என்னையக் கட்டுனாரா, என்னையக் கட்டுனதால பஸ்ஸு விட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அம்மா ரெண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினாள். நான் ஒரே பிள்ளை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறைக்குக் கீழே இருந்தது. அம்மாம்பெரிய மொட்டைப் பாறை எந்நேரமும் உருளலாம் என்பது என் கவலை. ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே ஏறும்? காலையில் வயிற்றுவலி வரும், பள்ளிக்கூடத்து மணி அடித்து ஓய்ந்ததும் போய்விடும். "அம்புட்டு வருசமா உக்காந்திருக்கிற பாறை நீ கணக்குப் போடயிலதான் உருளப்போகுதா?" என்று அம்மா கேட்டாள். உருளாது என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. நான் வீட்டோடு இருந்துவிட்டேன். வீட்டிலும் கவலைக்குப் பஞ்சமில்லை. அப்பா ஓட்டுகிற பஸ் கவிழ்ந்துவிடுமோ, எருமை சாக்கடையில் விழுமோ, கிணற்றில் தண்ணீர் வற்றுமோ. இதில் கிணறு மட்டும் வருஷா வருஷம் என் பேச்சைக் காப்பாற்றும்.

எனக்குப் பதினேழு நடந்தபோது பர்மாவிலிருந்து நம் ஆட்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்து நான் ரெண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தேன். நம்மையும் யாராவது கப்பலேற்றி அனுப்பிவிட்டால் எங்கே போவது?

ஒருநாள் பொழுது சாயும் நேரம் அப்பா தலையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு பெண். என்னைவிட ரெண்டு வயது மூப்பு இருக்கும். கட்டம் போட்ட கைலியும் வெள்ளை ரவிக்கையும், கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ காய்ந்த பூச்சு.

"ஏ புள்ள, செத்த நேரம் எருமைய விட்டுட்டு வா" என்றார் அப்பா.

அம்மா வந்தாள். அப்பா சொன்னதைவிட அந்தப் பெண் சொன்னதுதான் அதிகம். ரங்கூனில் லாரி செட்டுக்குப் பக்கத்தில் அவளைப் பெற்றவள் சோற்றுக்கடை வைத்திருந்தாள், தமிழ்ப்பொம்பளை. சண்டை முடியும் சமயம் திண்டுக்கல் பக்கத்து டிரைவர்கள் ரெண்டு பேர் அங்கே கணக்கு வைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் எங்கள் அப்பா. இன்னொருவர் அப்பாவின் சேக்காளி, லாரி பள்ளத்தில் கவிழ்ந்து அங்கேயே போய்விட்டார். அதன்பிறகு அப்பாவையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் பெண் பிறந்தது அதற்கப்புறம். பெற்றவள் இவளுக்கு விவரம் தெரியுமுன் காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: "உங்கப்பா திண்டுக்கல் டிரைவரு." எந்த டிரைவர் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வளர்த்தார்கள். அவர்கள் ராமநாதபுரம் பக்கம் போகிற வழியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பர்மாவுக்குப் போன டிரைவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் அப்பாவைக் கைகாட்டினார்கள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"ஒங்க புள்ளையா?"

அப்பா கூரையைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். கடைசியில் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? நான் என்ன, மழை வருமான்னா கேட்டேன்?"

அம்மா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "சாப்டியாத்தா? வெஞ்சனம் ஒண்ணும் இல்ல. மோரும் மொளகாயுந்தான்."

அடுத்த ரெண்டு நாள் அம்மா யாரையும் கேலி பேசவில்லை. எருமையைக்கூட ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். மூன்றாம் நாள் காலையில் அப்பா மொச்சைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். "சோத்துக்கடை ருசி கண்ட நாக்கு. அதுவே நல்லாருக்குன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் புரை ஏறியது. எனக்கு உயிர் வந்தது.

அதிலிருந்து 'இருக்கலாம்' எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. பால் திரிந்துவிட்டதா என்று கேட்டால், "இருக்கலாம்" என்று அப்பா குரலிலேயே அம்மா சொல்வாள். ஆனால் அப்பாவிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவேயில்லை. ஏம்மா கேட்கவில்லை என்றதற்கு, "இல்லைன்னு சொன்னா அனுப்பவா போறேன்? ஆமான்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். ரெண்டு எருமைய வச்சுக்கிட்டுக் கோவப்பட ஏது நேரம்?" என்றாள்.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா அதிகம் பேசமாட்டாள். ஆனால் டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. வேண்டிய துணியை எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டுவாள். பெட்டி எப்போதும் வாசல் பார்த்தபடி இருக்கும். எந்த நிமிஷமும் எழுந்து போகிறவள் மாதிரி. அவள் போய்விடுவாளோ என்று ஒரு கவலை, இருந்துவிடுவாளோ என்று ஒரு கவலை, எனக்கு ரெண்டும் மாறி மாறி வரும்.

தெரு அவளை லேசில் விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் காற்றில் அப்பாவுக்குச் சுருட்டு பற்றவில்லை. குச்சி குச்சியாகக் கிழித்துப்போட்டார். அக்கா எழுந்து போய், சுருட்டை வாங்கித் தன் வாயில் வைத்து, கையைக் குவித்து ஒரே குச்சியில் பற்றவைத்து, ரெண்டு இழுப்பு இழுத்துக் கனிந்ததும் அப்பாவிடம் நீட்டினாள். அங்கே அது சாதாரணமாம். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா மட்டும், "ஏங்க, இனிமே தீப்பெட்டிச் செலவு மிச்சம்" என்றாள்.

அந்த எதிர்வீட்டுக்காரிதான் விரலைக் கண்டுபிடித்தவள். அக்கா வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது பார்த்திருக்கிறாள். கட்டைவிரலுக்கு அடுத்த விரல், ஒரு நகம் அளவுக்கு முந்திக்கொண்டு. "அப்படியே டிரைவர் வெரலு!" தெரு முழுக்க ஓடிவந்து பார்த்தது. அக்கா பாவம், புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். தீர்ப்பு ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அம்மா விடுவாளா? "செத்த நில்லுங்கடி. ஒங்க காலையும் காட்டுங்க."

அப்புறம்தான் வேடிக்கை. எதிர்வீட்டுக்காரிக்கே அந்த விரல் நீளம். அவள் மாமியாருக்கும் நீளம். தெருமுனை டீக்கடைக்காரருக்கு ரெண்டு காலிலும் நீளம். வாடிக்கைக்குப் பால் ஊற்றப்போகிற வீடுகளிலெல்லாம் அம்மா காலைப் பார்த்துவிட்டு வந்து கணக்குச் சொன்னாள். "ஏங்க, பர்மாவுக்கு மட்டுந்தான் போனீங்களா? இந்தத் தெருவுலயே அம்புட்டுப் பேருக்கும் ஒங்க வெரலா இருக்கே?" அப்பா ஒரு வாரம் காலைச் சப்பணமிட்டு வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தக் கூத்தில் நான் என் காலைப் பார்த்துத் தொலைத்தேன். எனக்குக் கட்டைவிரல்தான் நீளம். அடுத்த விரல் குட்டையாக, ஒதுங்கி நிற்கிறது. அம்மா விரலும் நீளம்தான். அப்பாவுக்கும் நீளம், அம்மாவுக்கும் நீளம், பர்மாவிலிருந்து வந்தவளுக்கும் நீளம். அப்படியானால் நான் யார்? விரலைத் தினமும் இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூட வளரவில்லை. பொறுக்கமுடியாமல் அம்மாவிடமே கேட்டேன்.

"நீ பொறக்கும்போது நான் பக்கத்துலதான்டி இருந்தேன்" என்றாள் அம்மா. "நல்லா ஞாபகம் இருக்கு."

ஆனால் கேலியில் கரையாத ஆள் ஒருவர் இருந்தார். அம்மாவுக்கு அண்ணன், என் மாமா. சித்தையன்கோட்டையில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அப்பாவின் பஸ்ஸில் தேங்காயோடு வந்து இறங்குவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்கா வந்த செய்தி கேட்டதும் வருவதை நிறுத்திவிட்டார். தங்கச்சிக்குத் துரோகம் நடந்துவிட்டது, அதற்கு அவளே ஆமாம் போடுகிறாள் என்பது அவர் கோபம். அப்பாவின் பஸ் வந்தால் ஏறமாட்டார். ரோட்டோரம் முதுகைக் காட்டி நிற்பார். அப்பாவும் வேண்டுமென்றே அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்தி ஹாரனை அமுக்குவார். மாமா திரும்பமாட்டார். அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் காத்திருப்பார். ஆனால் தேங்காயை மட்டும் நிறுத்தவில்லை. "எந்தங்கச்சி வீட்டுக்கு" என்று அழுத்திச் சொல்லி, சாக்கைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்.

இப்படித்தான் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். செம்பட்டிக்காரர், வாயாடி. முதல் வாரம் சாக்கைத் தோளில் போட்டு ஒரே தூக்காகத் தூக்கி வந்தவர், அக்கா மோர் கொடுத்த பிறகு தேங்காயை நாலு நாலாகக் கையில் கொண்டுவர ஆரம்பித்தார்.

"ஏலே அப்பு, ஒரு சாக்குத் தேங்காய்க்கு எத்தனை நடை?" என்றாள் அம்மா.

"தோளு வலிக்குதுக்கா."

"வலிக்கும் வலிக்கும். வயசு அப்பிடி."

அக்கா உள்ளே சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அப்பாவுக்குச் சமாச்சாரம் கடைசியாகத்தான் புரிந்தது. எந்த ஸ்டாப்பிலும் விசில் சரியாக ஊதுகிற பையன், திண்டுக்கல் நெருங்கினால் விசிலை மறந்துவிடுகிறானே என்று ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தாராம்.

கண்டக்டரின் அம்மா பெண் பார்க்க வந்தார். நல்ல பொம்பளை, பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, "இந்த வெரலு நீண்டவ புருசன அடக்கிருவான்னு சொல்வாங்க. எம்மகனுக்கு அதுதான் வேணும்" என்றார். எங்களுக்கு நிம்மதி. அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அப்பன் யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. அத ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. தாய்மாமன் யாரு? மெட்டி யாரு வாங்குவா? சபையில யாரு வந்து நிப்பா? அதச் சொல்லியனுப்புங்க, மத்தது பேசிக்குவோம்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மெட்டி தாய்மாமன் வாங்கித் தரவேண்டியது. மாமன் இல்லாமல் ஒரு பெண் மணையில் உட்கார்ந்தால் அவளுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று அர்த்தம். அக்காவைப் பெற்றவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா, இருந்தால் எந்தத் தேசத்தில், யாருக்குத் தெரியும்?

"இருக்காரு. தேங்கா குடுத்துவிடுறாரே, அவருதான்" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

மறுநாள் முதல் டிரிப்பில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சித்தையன்கோட்டைக்குப் போனாள். மாமா தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் மட்டையைக் கீழே போட்டார்.

"ஏத்தா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாப்ள பண்ணுன காரியத்துக்கு நான் மெட்டி வாங்கணுமா?"

"அவரு பண்ணுனாரா இல்லையான்னு யாருக்குண்ணே தெரியும்?"

"வெரலு இருக்குன்னு ஊரே சொல்லுது."

"வெரலப் பாத்துத்தான் முடிவுன்னா மொதல்ல இவளத்தான் பஸ்ஸேத்திவிடணும்" என்று அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "பாரு காலை. குட்டை வெரலு. கட்டிட்டு வந்த பொண்டாட்டி பெத்தது இது. எங்க போய்ச் சொல்ல?"

மாமா குனிந்து பார்த்தார். நான் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அவரு புள்ளையான்னு அவரு சொல்லட்டும், சொல்லாமப் போகட்டும்" என்றாள் அம்மா. "எம்புள்ளையான்னு நான்தானே சொல்லணும்? நான் சொல்றேன். எம்புள்ளதான். எம்புள்ளைக்கு மாமன் யாரு? நீதான்."

"நீ பெத்தியாக்கும்! அது பொறக்கயில நீ பாவாடையக் கட்டிக்கிட்டு இந்தத் தோப்புல சில்லு வெளையாண்ட. பர்மாவப் பாத்திருக்கியா? நீ வத்தலக்குண்டையே பாத்ததில்ல."

"போகலதான். அதனால என்ன? வந்துசேந்துருச்சுல்ல."

மாமா சிரிக்கவில்லை. மட்டையைப் பொறுக்கிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிவிட்டார். பஸ்ஸுக்குக் காட்டுகிற அதே முதுகு. திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து செம்பட்டி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கொடியில் கிடந்த துணியை மடித்துக்கொண்டு நின்றாள். "நான் கெளம்புறேம்மா. என்னால உங்கண்ணனோட சண்டை வேணாம். ராமநாதபுரம் போயிர்றேன்."

"பெட்டி எங்க இருக்குன்னு பாத்தியா?" என்றாள் அம்மா.

பெட்டி தொழுவத்தில் இருந்தது. உள்ளே விளிம்பு வரைக்கும் எருமைக்குப் போடுகிற பருத்திக்கொட்டை. பூட்டை அம்மா எப்படித் திறந்தாள், உள்ளே இருந்த துணியை எங்கே வைத்தாள் என்று தெரியாது. "எலி வந்து பாழாக்குது, தகரப் பெட்டின்னா நல்லதுன்னு கொட்டிட்டேன். எருமைங்க தின்னு தீர்ந்ததும் எடுத்துக்க. இப்ப வேணும்னா தூக்கிட்டுப் போ பாப்போம்."

அக்கா பெட்டியை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அப்படியே எருமைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எருமைக்கு அந்த நேரம் பார்த்துப் பருத்திக்கொட்டை வாசனை வந்து, அவள் தோளுக்கு மேல் மூக்கை நீட்டியது. அழுகையும் பயமுமாக அவள் துள்ளி எழுந்ததில் அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பருத்திக்கொட்டை எத்தனை நாளைக்கு வரும்?

அம்மா தீரத் தீர மேலே கொட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை போனது. தேங்காய் வந்தது, மாமா வரவில்லை. கண்டக்டரின் அம்மா ரெண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டார். வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்கப்போகிறார் என்று நான் கவலைப்பட்டேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், வராத நேரத்தில், தெருமுனையில் அப்பாவின் ஹாரன் கேட்டது. பஸ்ஸை அவர் தெரு வரைக்கும் கொண்டுவரவே கூடாது. கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு பண்ணி நான் ஓடினேன். கவிழவில்லை. முன் சீட்டிலிருந்து மாமா இறங்கிக்கொண்டிருந்தார். கூட வந்த சனம் முழுக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கண்டக்டர், சாக்கை ஒரே தூக்காகத் தோளில் போட்டுக்கொண்டு.

"மாமனுக்கே டிக்கெட்டு கிழிச்சுட்டான் பாத்தியா" என்று மாமா உள்ளே நுழையும்போதே அம்மாவிடம் புகார் சொன்னார். "இவனுக்கா பொண்ணு குடுக்கிற?"

"டிக்கெட்டு கிழிக்கலைன்னா வேலை போயிரும் மாமா."

"யாருலே ஒனக்கு மாமன்?" என்றார் மாமா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் ஆகல" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அப்புறம் வேட்டி மடியிலிருந்து ரெண்டு துண்டு வாழைநாரை எடுத்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "ஏத்தா, வெளிய வா. காலை நீட்டு. அளவு வேணும்ல. ஆசாரி அளவு இல்லாமச் செய்யமாட்டேங்கிறான்."

அக்கா வந்து பலகையில் உட்கார்ந்தாள். மாமா குந்தவைத்து உட்கார்ந்து, இத்தனை நாள் ஊரே பார்த்துத் தீர்த்த விரலை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தார். நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இம்புட்டு நீளமா? இதுக்கு ஒரு மெட்டி காணாது. ரெண்டு சோடி வேணும். தோப்பையே விக்கணும் போலிருக்கு." தலையைத் தூக்காமலே, "மாப்ள, இது ஒங்க வெரலுதானா?" என்றார்.

அப்பா வாசல்படியில் நின்றிருந்தார். பஸ் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "இருக்கலாம் மச்சான்" என்றார்.

"பேசாம அளவ எடுண்ணே" என்றாள் அம்மா. "மழை வந்துறப்போகுது." வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயும் காட்டு. ஒனக்கும் என்னைக்காச்சும் ஆகும்ல. ரெண்டும் ஒரே ஆசாரிகிட்டச் செஞ்சுருவோம். ஒனக்குக் குட்டை வெரலு, வெள்ளி மிச்சம்." என் விரலிலும் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். ரெண்டு நாரையும் ஒரே மடியில் போட்டுச் சுருட்டிக்கொண்டார்.

"மாமா, மாறிப்போகும் மாமா. தனித்தனியா வைங்க" என்று நான் பஸ் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"எம்மருமகளுக ரெண்டு பேரு அளவு எனக்குத் தெரியாதா?" என்று ஏறிக்கொண்டார்.

மாறித்தான் போனது. கல்யாணத்தன்று அக்காவின் விரலில் மெட்டி ஏறவே மாட்டேன் என்றது. என்னுடைய ஒல்லி விரலுக்கு எடுத்த அளவு. கண்டக்டர் வியர்த்து ஊற்ற, விளக்கெண்ணெய் தடவித் திருகி ஏற்றினார். மாமா கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, பர்மா தண்ணிக்கு விரல் வீங்கிவிட்டது என்றார். ஏறினது ஏறினதுதான், அப்புறம் அதைக் கழற்றவே முடியவில்லை. எனக்குச் செய்தது, பிறகு என் கல்யாணத்தில், லொடலொடவென்று கிடந்தது. எங்கே கழன்று விழுந்துவிடுமோ என்று நான் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

டிரங்குப் பெட்டியைச் செம்பட்டிக்கு எடுத்துப்போக அக்கா கேட்டாள். "இன்னும் கொஞ்சம் கொட்டை கெடக்கு. தீரட்டும்" என்றாள் அம்மா.